ஒரே ஒலிக்குள் பல ஒலிகள்: மங்கோலிய மரபிசைக்கு ஓர் அறிமுகம்

மங்கோலிய இசையை முதல்முறை கேட்பவர்கள் பெரும்பாலும் மெட்டைத்தான் தேடுவார்கள். அது இயல்பு. நமக்குப் பழகிய பாட்டையெல்லாம் மெட்டை வைத்தோ ராகத்தை வைத்தோதான் அடையாளம் காண்கிறோம். மங்கோலிய மரபிசையிலும் அழகான மெட்டுகள் உண்டு. ஆனால் அந்த இசையின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு சுரம் நின்று ஒலிக்கும்போது அதன் உள்ளே என்னென்ன கேட்கிறது, கரகரப்பா, விசில் போன்ற ஒன்றா, குதிரையின் மூச்சா, காற்றின் இரைச்சலா என்று கவனிக்கும் காது அவர்களுடையது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் போதும், மற்றதெல்லாம் தானாகத் திறந்துகொள்ளும். இதைத்தான் இந்தக் கட்டுரையில் மெதுவாக விளக்கப் போகிறேன்.

முதலில் அந்த நிலம். மங்கோலியாவின் பரப்பு 15 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். மக்கள் தொகையோ 35 லட்சம் அளவில்தான் இருக்கிறது. அதிலும் பாதிப்பேர் தலைநகர் உலான்பத்தூரிலேயே வாழ்கிறார்கள். மீதி நாடு புல்வெளி, மலை, தெற்கே கோபிப் பாலைவனம். குதிரை, ஒட்டகம், மாடு, செம்மறி, வெள்ளாடு என்ற ஐந்து வகைக் கால்நடைகளை மேய்த்துக்கொண்டு, பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் குடும்பங்கள் இன்றும் ஏராளம். அவர்கள் வாழும் வட்டமான கம்பளிக் கூடாரத்துக்குக் கெர் என்று பெயர். இப்படிப்பட்ட வாழ்க்கையில் காதுக்குப் பெரிய வேலை இருக்கிறது. கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கும் மந்தை எந்தப் பக்கம் நகர்கிறது, ஓடை உறைந்துவிட்டதா, காற்று திரும்புகிறதா என்பதையெல்லாம் ஒலியை வைத்தே அறியலாம். இந்த ஒலிகளைத் தொண்டையாலும் கருவியாலும் திருப்பிச் சொல்லிப் பார்ப்பதில்தான் அவர்களுடைய இசை தொடங்கியது என்று மங்கோலிய மேய்ப்பர்களே சொல்வார்கள்.

ஒரு சுரத்துக்குள் எத்தனை சுரம்?

இப்போது கொஞ்சம் அறிவியல். பயப்பட வேண்டாம், ஒரு பத்திதான். ஒரு தந்தியை மீட்டினால் அது முழு நீளத்துக்கு அதிர்வதோடு நிற்பதில்லை. அதே நேரத்தில் பாதி பாதியாகவும், மூன்றில் ஒரு பங்காகவும், நான்கில் ஒரு பங்காகவும் அதிர்கிறது. அதனால் அடிப்படை அதிர்வெண் 150 என்றால், 300, 450, 600, 750 என்று அதன் மடங்குகளும் மெல்லியதாகக் கூடவே ஒலிக்கும். இவைதான் மேற்சுரங்கள். பொதுவாக இவற்றை நாம் தனித்தனியாகக் கேட்பதில்லை. எல்லாம் கலந்து 'இது வீணை, இது புல்லாங்குழல்' என்ற நிறமாகத்தான் காதில் விழுகின்றன. கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இதில் ஒரு நேரடி அனுபவம் இருக்கும். நன்றாகச் சுருதி சேர்ந்த தம்பூராவில் யாரும் மீட்டாத காந்தாரம் தானாகக் கேட்கும் அல்லவா? அது ஒரு மேற்சுரம்தான்.

தம்பூராவில் தானாக எழும் அந்தச் சுரத்தை, மனிதத் தொண்டையில் வேண்டுமென்றே எழுப்பி, அதை வைத்தே ஒரு மெட்டு பாடுவதுதான் ஹூமி. தொண்டைப் பாட்டு என்று பலரும் சொல்வது இதையே.

ஹூமி: ஒரு வாய், இரண்டு குரல்

ஹூமி பாடுபவர் அடிவயிற்றிலிருந்து காற்றை அழுத்தி, தொண்டையை இறுக்கி, ஒரு கனத்த சுரத்தை அசையாமல் பிடித்துக்கொள்வார். அந்தச் சுரத்தில் மேற்சுரங்கள் நிறைய இருக்கும். பிறகு நாக்கையும் உதட்டையும் மிகச் சிறிய அளவில் நகர்த்தி வாய்க்குள் இருக்கும் அறையின் வடிவத்தை மாற்றுவார். அந்த வடிவத்துக்கு எந்த மேற்சுரம் ஒத்துப்போகிறதோ அது மட்டும் பல மடங்கு உரக்கக் கேட்கும். கீழே ரீங்காரம் நின்றபடி இருக்க, மேலே விசில் போலத் தெளிவான ஒரு மெட்டு மிதக்கும். ஒரே ஆள், ஒரே மூச்சு. எந்தக் கருவியும் இல்லை.

இதை நீங்களே லேசாகச் சோதித்துப் பார்க்கலாம். அமைதியான அறையில் தாழ்ந்த சுருதியில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு 'ஊ' என்று தொடங்கி, ஓ, ஆ, ஏ வழியாக 'ஈ' வரை மிக மிக மெதுவாக வாயை மாற்றுங்கள். சுரம் மாறக் கூடாது. உன்னிப்பாகக் கேட்டால், பின்னால் மெல்லிய ஏதோ ஒன்று படிப்படியாக மேலே ஏறுவது தெரியும். ஹூமிக் கலைஞர் அந்த மெல்லிய ஒன்றைத்தான் பல ஆண்டுப் பயிற்சியில் ஒரு முழுக் குரலாக வளர்த்தெடுக்கிறார். தொண்டையை இறுக்கும் பகுதியை மட்டும் ஆசிரியர் இல்லாமல் முயல வேண்டாம். குரல் கெட்டுவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த உண்மை ஒன்று இருக்கிறது. மேற்சுரங்கள் வரிசையில் பாடகர்கள் பெரும்பாலும் 6, 8, 9, 10, 12 ஆகியவற்றைத்தான் எடுக்கிறார்கள். 7-ஐயும் 11-ஐயும் பெரும்பாலும் தாண்டிவிடுவார்கள். அடிப்படைச் சுரத்தை ஸ என்று வைத்துக்கொண்டால் இந்த எண்கள் தருவது ப, ஸ, ரி, க, ப. மோகனம் பாடத் தெரிந்த எவருக்கும் இந்தச் சுரங்கள் வீட்டுச் சுரங்கள். மங்கோலிய இசை பெருமளவு ஐந்து சுரங்களில் அமைந்தது என்பதும் இதோடு அழகாகப் பொருந்துகிறது. நம் காதுக்கு அந்த இசை அந்நியமாகவும், அதே சமயம் எங்கோ கேட்டதாகவும் தோன்றுவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஹூமியில் பல வகைகள் உண்டு. விசில் போல மேலே ஒலிப்பது இஸ்கெரே. நேர் எதிர்த் திசையில் போவது ஹர்ஹிரா. இதில் குரல்நாண்களுக்கு மேலே உள்ள போலிக் குரல்நாண்கள் என்னும் மடிப்புகளும் சேர்ந்து அதிர்வதால், பாடும் சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு ஒலி உருவாகிறது. நிலத்துக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருக்கும் அந்த உறுமலைத்தான் திரைப்படங்களும் கணினி விளையாட்டுகளும் போர்க்களக் காட்சிகளுக்கு எடுத்துக்கொண்டன. இதனால் மங்கோலிய இசை என்றாலே செங்கிஸ் கான், வாள், ரத்தம் என்ற படிமம் பரவிவிட்டது. அது வருத்தமானது. மரபுப் பாடல்களில் பெரும்பகுதி குதிரையையும் தாயையும் ஊர் மலையையும் பற்றியவை, மிகவும் மென்மையானவை.

ஹூமியின் தாய்வீடாக மங்கோலியர்கள் சொல்வது மேற்கில் ஹோவ்த் மாகாணத்தில் உள்ள சாந்த்மன் பகுதியை. அங்கே ஜர்கலாந்த் ஹைர்ஹான் என்ற மலை நிற்கிறது. அருகே பெரிய ஏரிகள். அந்த மலை காற்றைப் பிடித்து வைத்துப் பாடும், மனிதர்கள் அதனிடம்தான் கற்றார்கள் என்பது ஊர்க்கதை. எல்லைக்கு அப்பால், ரஷ்யாவின் துவா குடியரசிலும் இதே கலை செழித்திருக்கிறது. அங்கே பாணிகளுக்கு வேறு பெயர்கள், வேறு அழகு. ஹூன் ஹூர் து என்ற புகழ்பெற்ற குழு துவாவைச் சேர்ந்தது. மங்கோலியக் குழு என்று பலரும் தவறாகச் சொல்வார்கள். சீனாவின் உள் மங்கோலியாவிலும் ஹூமி உண்டு. யுனெஸ்கோ 2009-இல் சீனாவின் பெயரிலும், 2010-இல் மங்கோலியாவின் பெயரிலும் இதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

முன்பெல்லாம் பெண்கள் ஹூமி பாடக் கூடாது, உடலுக்குக் கேடு என்று தடுத்தார்கள். இப்போது பெண் கலைஞர்கள் மேடையில் பாடுகிறார்கள்.

மொரின் ஹூர்: குதிரைத் தலை வைத்த தந்தி வாத்தியம்

மங்கோலியாவுக்கு ஒரே ஒரு கருவியை அடையாளமாகச் சொல்லச் சொன்னால், எல்லோரும் மொரின் ஹூரைத்தான் சொல்வார்கள். இரண்டே தந்திகள். மேலே குறுகி, கீழே விரியும் நாற்கோணப் பெட்டி. நீண்ட கழுத்தின் உச்சியில் செதுக்கிய குதிரைத் தலை. அதற்குக் கீழே காதுகளைப் போல நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு முறுக்காணிகள். உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிப்பார்கள்.

தந்தி என்று சொன்னாலும் அது உலோகக் கம்பி அல்ல. குதிரை வால் மயிர்க் கற்றை. மரபுக் கணக்குப்படி, தடித்த ஆண் தந்திக்கு ஆண் குதிரையின் வாலிலிருந்து 130 மயிர்கள், மெல்லிய பெண் தந்திக்குப் பெண் குதிரையின் வாலிலிருந்து 105 மயிர்கள். முறுக்காமல் அப்படியே சேர்த்து இழுத்துக் கட்டுவார்கள். வில்லும் குதிரை மயிர்தான், பிசின் தடவியது. ஆக, இங்கே மயிர்க் கற்றை மயிர்க் கற்றையோடு உரசுகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட இழைகள் ஒவ்வொன்றும் நூலிழை அளவு வித்தியாசத்தோடு அதிரும்போது, ஒலி சுத்தமான ஒற்றைக் கோடாக வராது. சற்று மூச்சு கலந்து, சற்றுக் கரகரத்து, அகலமாக வரும். மேற்கத்திய வயலின் ஆசிரியர் குறை என்று திருத்தச் சொல்லும் ஒலி இது. இங்கே அதுதான் அழகு. ஹூமியில் தொண்டை செய்வதை இங்கே மயிர்க் கற்றை செய்கிறது: ஒரு சுரத்தை ஒற்றையாக விடாமல் பலவாக ஆக்குகிறது.

வாசிக்கும் முறையும் அதற்கேற்றது. இடக்கை விரல்கள் தந்தியைக் கழுத்தோடு சேர்த்து அழுத்துவதில்லை. பக்கவாட்டிலிருந்து தொடுகின்றன, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நகத்தின் அடிப்பகுதியால். தந்தி அந்தரத்தில் நிற்பதால் சுரம் வழுக்கிச் செல்லலாம், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். வலக்கையில் வில்லைக் கீழிருந்து பிடித்து, விரல்களால் வில்லின் மயிரை இழுத்தும் தளர்த்தியும் அதன் இறுக்கத்தை வாசிக்கும்போதே மாற்றிக்கொண்டிருப்பார்கள். குதிரை கனைப்பது, நடையை மாற்றுவது, பாய்ச்சலில் ஓடுவது எல்லாம் இதில் வரும். மேற்கு மங்கோலியாவில் தத்லகா என்று ஒரு வகை உண்டு. ஒவ்வொரு துணுக்கும் குதிரை நடைகளையோ வேறு விலங்கின் அசைவையோ பிடிக்கும். கண்ணை மூடிக் கேட்டால் குதிரை எப்போது நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறுகிறது என்று சொல்லிவிடலாம்.

இந்தக் கருவி பிறந்த கதையைப் பல விதமாகச் சொல்வார்கள். அதிகம் சொல்லப்படுவது ஹூஹூ நம்ஜில் என்ற வீரனின் கதை. தொலைதூர எல்லையில் படையில் இருந்த அவனுக்கு ஜொனோன் ஹர் என்ற இறக்கை உள்ள கருங்குதிரை கிடைக்கிறது. இரவில் அதன் மேல் பறந்து போய்க் காதலியைப் பார்த்துவிட்டு விடிவதற்குள் திரும்பிவிடுவான். பொறாமை கொண்ட ஒருத்தி இறக்கைகளை வெட்டிவிட, குதிரை இறந்துபோகிறது. துக்கம் தாங்காத நம்ஜில் அதன் தலையை மரத்தில் செதுக்கி, தோலைப் பெட்டிக்குப் போர்த்தி, வால் மயிரைத் தந்தியாக்கி, அதன் ஓட்டத்தையும் கனைப்பையும் வாசித்தான் என்று கதை முடிகிறது.

கதையில் வருவதுபோலவே, பழைய மொரின் ஹூர்களின் முகப்பு தோலால் ஆனது. தோலுக்கு ஒரு சிக்கல், ஈரம் பட்டால் தளரும், வறண்டால் இறுகும். 20-ஆம் நூற்றாண்டில் அரசு இசைக்குழுக்களும் பெரிய அரங்குகளும் வந்தபோது, பலர் சேர்ந்து வாசிக்க நிலையான சுருதியும் உரத்த ஒலியும் தேவைப்பட்டன. 1960-களில் சோவியத் கருவிக் கைவினைஞர் தெனிஸ் யாரொவோய், வயலின் போன்ற மர முகப்பை அறிமுகப்படுத்தினார். இன்று பெரும்பாலும் நாம் பார்ப்பது அதுவே. மயிருக்குப் பதில் நைலான் இழைகளும் பரவலாகிவிட்டன. மேடைக்கு இது உதவியது, சந்தேகமில்லை. ஆனாலும் பழைய தோல் முகப்புக் கருவியின் பதிவு கிடைத்தால் ஒருமுறை கேளுங்கள். ஒலி சின்னது, உள்ளடங்கியது, மயிர் உரசும் சத்தம் பக்கத்தில் கேட்கும். எனக்கு அதுதான் நெஞ்சைத் தொடுகிறது.

கெர் கூடாரத்தில் வாசலுக்கு நேர் எதிரே உள்ள வடபக்கம் மரியாதைக்குரிய இடம். பல வீடுகளில் மொரின் ஹூர் அங்கேதான் இருக்கும், வாசிக்கத் தெரிந்தவர் வீட்டில் இல்லாவிட்டாலும்கூட. 2003-இல் யுனெஸ்கோ இக்கருவியின் இசையை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது.

ஒட்டகத்துக்கு ஒரு பாட்டு

கோபிப் பகுதியில் வசந்தத்தில் ஒட்டகங்கள் குட்டி ஈனும். பிரசவம் கடினமாகிவிட்டால், சில தாய்கள் குட்டியை ஏற்காமல் உதைத்துத் தள்ளிவிடும். தாயை இழந்த குட்டியை இன்னொரு தாயோடு சேர்க்க வேண்டிய நிலையும் வரும். அப்போது குடும்பம் பாடுபவரை அழைக்கும். விடியலிலோ அந்தி நேரத்திலோ தாயைக் குட்டிக்கு அருகே கட்டிவைத்து, 'ஹூஸ், ஹூஸ்' என்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப நீட்டிப் பாடுவார்கள். கூடவே மொரின் ஹூரோ புல்லாங்குழலோ ஒலிக்கும். தாய் முதலில் கடிக்க வரும், எச்சில் துப்பும். அதன் போக்கைப் பார்த்துப் பாடுபவர் மெட்டை மாற்றிக்கொண்டே இருப்பார். மெல்ல மெல்ல அது அடங்கி, குட்டியைப் பால் குடிக்க விடும். அந்த நேரத்தில் ஒட்டகத்தின் கண்ணிலிருந்து நீர் வழியும் என்று மேய்ப்பர்கள் சொல்வார்கள். செம்மறியைச் சமாதானப்படுத்த வேறு ஒலி உண்டு, 'தோய்க், தோய்க்' என்று.

இந்தச் சடங்கை 2015-இல் யுனெஸ்கோ அவசரமாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. மோட்டார் சைக்கிள் வந்து ஒட்டகத்தின் தேவை குறைந்தது, இளைஞர்கள் நகரத்துக்குப் போனார்கள். இரண்டும் சேர்ந்து பாடத் தெரிந்தவர்களைக் குறைத்துவிட்டன. இந்தச் சடங்கை நான் இங்கே நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மேடை, ரசிகர், கைத்தட்டல் எதுவும் இல்லாத இடத்தில், ஒரு விலங்கின் மனதை மாற்ற வேண்டிய பொறுப்போடு பாடப்படும் இசை இது. குரலின் நிறம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இங்கே புரியும். ஒட்டகத்துக்கு வார்த்தை தெரியாது, ஒலியின் தன்மைதான் தெரியும்.

நீள்பாட்டும் ஓயாத மூச்சும்

மங்கோலியப் பாடல்களை இரண்டு பெரும் வகையாகப் பிரிப்பார்கள். பொகினோ தூ என்பது குறும்பாட்டு: தாளக்கட்டு உள்ளது, காதலும் கிண்டலும் பேசுவது, யாரும் பாடலாம். உர்த்தின் தூ என்ற நீள்பாட்டு வேறு உலகம். அதில் ஒவ்வொரு அசையையும் நீட்டி, வளைத்து, நடுங்கவைத்து, உச்ச ஸ்தாயிக்கு ஏற்றி இறக்குவார்கள். நான்கு நிமிடப் பாட்டில் பத்து வார்த்தைகள்தான் இருக்கும். தாளம் இல்லை. பாடகரின் மூச்சுதான் அளவு. வெட்டவெளியில் எதிரொலி திரும்பி வர எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு பொறுமை அந்தப் பாட்டில் இருக்கிறது. திருமணம், புதுக் கூடார விழா, ஜூலையில் நடக்கும் நாதம் விளையாட்டுத் திருவிழா ஆகியவற்றில் இது கட்டாயம் இடம்பெறும்.

இந்த வகையின் மாபெரும் குரல் நம்ஜிலின் நோரொவ்பன்சாத். 1931-இல் துந்த்கோவி மாகாணத்தில் பிறந்தவர். 1957-இல் மாஸ்கோவில் நடந்த உலக இளைஞர் விழாவில் தங்கப் பதக்கம் வென்றார். 2002-இல் மறைந்தார். அவருடைய குரல் மேலே போகப் போக மெலியாது, விரியும். ஒரு பதிவைக் கேட்டாலே போதும், நான் சொல்வது விளங்கிவிடும்.

நீள்பாட்டுக்குத் துணையாக மொரின் ஹூர் வரும், லிம்ப் என்ற குறுக்குப் புல்லாங்குழலும் வரும். லிம்ப் வாசிப்பவர் மூச்சு வாங்க நிறுத்துவதே இல்லை. கன்னத்தில் சேர்த்துவைத்த காற்றை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் காற்றை உள்ளே இழுப்பார். ஒரு முழு நீள்பாட்டுக்கு 12 முதல் 25 நிமிடம் வரை ஒலி அறுபடாமல் வாசிக்க வேண்டியிருக்கும். இதற்கான பயிற்சியில், மெழுகுவத்திச் சுடர் அணையாதபடி அதன் மேல் ஊதிக்கொண்டே இருப்பதும், உறிஞ்சுகுழல் வழியாகத் தண்ணீருக்குள் விடாமல் ஊதுவதும் உண்டு. நாகஸ்வரக் கலைஞர்கள் மூச்சைக் கையாளும் விதத்தைக் கவனித்தவர்களுக்கு இது எவ்வளவு உழைப்பு என்று தெரியும். 2011-இல் யுனெஸ்கோ இந்தக் கலையை அவசரப் பட்டியலில் சேர்த்தபோது, நீள்பாட்டை இப்படி வாசிக்கத் தெரிந்தவர்கள் 14 பேர்தான் இருந்தார்கள்.

மற்ற கருவிகள்

சூர் என்ற குழலைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். அல்தாய் மலைப்பகுதியில் உரியாங்கய் மக்களிடம் இருக்கும் மரக்குழல். மூன்றே துளைகள். முன்பற்களில் பதித்து, ஊதும்போதே தொண்டையால் ஒரு ரீங்காரத்தையும் எழுப்புவார்கள். குழலின் ஒலியும் குரலும் ஒன்றாகக் கலந்து வரும். ஹூமியைக் கருவியில் வாசித்தால் எப்படி இருக்குமோ அப்படி. அதே மலைப்பகுதியில் தொவ்ஷூர் என்ற இரட்டைத் தந்திக் கருவியை மீட்டிக்கொண்டு காவியங்கள் சொல்வார்கள். காவியம் தொடங்கும் முன் அல்தாய் மலையைப் புகழ்ந்து பாடுவது வழக்கம்.

அமன் ஹூர் நம் மோர்சிங்கின் உறவினர். பல்லிடுக்கில் வைத்து மீட்டி, வாயின் வடிவத்தால் மேற்சுரங்களைத் தேர்ந்தெடுக்கும் அதே தத்துவம். நாம் அதைத் தாளத்துக்கு வைத்துக்கொண்டோம், அவர்கள் மெட்டுக்கும் எடுத்துக்கொண்டார்கள். யாத்கா என்பது படுக்கை வசத்தில் வைத்து மீட்டும் பல தந்திக் கருவி, அரண்மனைகளில் ஒலித்தது. மூன்று தந்தி ஷான்ஸ், சிறு கோல்களால் தட்டி வாசிக்கும் யோச்சின் ஆகியவை குழு இசையில் அதிகம் வரும்.

எங்கே தொடங்குவது?

2016-இல் உலான்பத்தூரில் உருவான தி ஹூ என்ற ராக் குழு, 2018-இல் வெளியிட்ட காணொளிகளால் உலகம் முழுக்கப் பரவியது. மொரின் ஹூரும் தொவ்ஷூரும் ஹூமியும் கனத்த முரசோடு அதில் வரும். நல்ல நுழைவாயில்தான், இளைஞர்கள் பலர் அதன் வழியாகவே இந்த இசைக்கு வந்தார்கள். ஆனால் அங்கேயே நின்றுவிட வேண்டாம். அடுத்ததாக ஒரு தனி மொரின் ஹூர் பதிவு, பிறகு நோரொவ்பன்சாத்தின் நீள்பாட்டு, அப்புறம் துணைக் கருவி எதுவும் இல்லாத தனி ஹூமி என்று போனால் காது படிப்படியாகப் பழகும்.

கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் மட்டும் கேட்காதீர்கள். ஹர்ஹிராவின் அடி ஒலியையும், மொரின் ஹூரின் தடித்த தந்தியையும் அது பாதி விழுங்கிவிடும். நல்ல இயர்போன் போதும். ஹூமி கேட்கும்போது முதலில் கீழே நிற்கும் ரீங்காரத்தில் மட்டும் மனதை வையுங்கள். அது காதில் நன்றாக அமர்ந்த பிறகு, அதற்கு மேலே என்ன நகர்கிறது என்று தேடுங்கள். மேலே உள்ள விசில் முதலில் கிடைக்காவிட்டால், அதே பதிவை ஒலியைச் சற்றுக் குறைத்து மறுபடி கேளுங்கள். பலருக்கு அப்போதுதான் இரண்டும் பிரிந்து தெரிகின்றன.